வந்தவரும் இருந்தவளும்

நயவுரை என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டால் நயத்தைத்தான் பேச வேண்டும். நமது வெளியீட்டு விழாக்களில் இது எழுதப்படாத சட்டம். சென்ற வருடம் தென்பகுதி நகரமொன்றில் குடும்ப வரலாற்று நூலொன்றின் வெளியீட்டுக்கு அழைக்கப்பட்டிருந்தேன். எனக்குப் பத்து நிமிடம். தலைவரையும் பிரதம அதிதியையும் முதற்பிரதி பெற்றுக்கொண்ட ஹாஜியாரையும் விளித்து முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. மீதியில் நூலின் நல்ல பக்கங்களைச் சொல்லிவிட்டு இறங்கினேன். முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணி ஒருவர், நூலாசிரியரின் சாச்சி என்று பின்னர் அறிந்தேன், என்னைக் கைகாட்டி அழைத்தார். "நல்லாப் பேசினீங்க தம்பி. ஆனா எங்கட உம்மாட பேர் இந்தப் புத்தகத்தில இல்லையே. அதையும் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றார். இந்தக் கட்டுரைக்கு அவரே காரணம்.

நூல் தனிச்சுற்றுக்காக அச்சிடப்பட்டது. ஆகவே அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டும் பயனில்லை. நம்மவர்கள் வெளியிட்டுவரும் குடும்ப வரலாறுகள் பலவற்றுக்கும் நான் இங்கு சொல்லப்போவது பொருந்தும். என் சொந்தக் குடும்பத்தாரின் கதைக்கும் பொருந்தும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். புடவைக் கடையைப் பற்றிய அத்தியாயம் அருமையானது. கடையின் பலகைக் கதவுகளுக்கு இலக்கமிட்டிருந்த முறை, முழக்கோலின் ஒரு முனை தேய்ந்து போயிருந்தது பற்றி வாப்பாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடந்த சண்டை, அறுவடைக்கு முன்னர் சிங்களக் கிராமத்தவர் கடனுக்குத் துணி எடுத்துச் செல்லும்போது கொப்பியில் பெயருக்குப் பதிலாக அவரவர் வளவின் அடையாளத்தை எழுதி வைத்தது, நோன்பு காலத்தில் பக்கத்துக் கடை முதலாளிக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கி வைத்தது எல்லாம் கண்முன் நிற்கின்றன. கடையைப் பற்றி எழுதும்போது நூலாசிரியர் எழுத்தாளராக இருக்கிறார். பூட்டனாரைப் பற்றி எழுதத் தொடங்கியதும் சட்டத்தரணியாகிவிடுகிறார்.

பூட்டனார் எமனிலிருந்து பாய்க்கப்பலில் வருகிறார். வெள்ளை ஜுப்பா, கையில் குர்ஆன், தோளில் பேரீச்சம்பழப் பை. எந்த ஆண்டு, எந்தக் கப்பல், யாரோடு வந்தார் என்பதற்கு ஆதாரமில்லை. "செவிவழிச் செய்தி" என்ற ஒரு சொல்லில் அந்தப் பாரம் இறக்கி வைக்கப்படுகிறது. இறங்கிய இடம் பேருவளை. அடுத்த பக்கத்தில் அவருடைய மகன் கடைக் கணக்கைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். அறபு பேசி வந்திறங்கியவரின் மகனுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? அந்தப் பிள்ளையைத் தாலாட்டியது எந்த மொழி? இரண்டு பக்கங்களுக்கும் இடையில் ஒரு பெண் நின்றிருக்க வேண்டும். நூலில் அவளுக்குக் கிடைத்திருப்பது பெயரில்லாத ஒரு "இவ்வூர்ப் பெண்". நூலின் கடைசியில் ஒட்டப்பட்டிருக்கும் மடிப்புத் தாளில் ஆறு தலைமுறைக் கொடிவழி இருக்கிறது. மூன்றாம் தலைமுறைக்கு மேலே ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அதற்குக் கீழேயும் "மகள்மார் மூவர்", "மகள்மார் நால்வர்" என்றுதான்.

(தலைப்பில் அவருக்கு 'ர்' விகுதியும் அவளுக்கு 'ள்' விகுதியும் போட்டிருக்கிறேன் என்பதை எழுதி முடித்த பின்னர்தான் கவனித்தேன். திருத்தாமல் விட்டுவைக்கிறேன்.)

இதை ஆணாதிக்கம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கடந்து போக எனக்கு விருப்பமில்லை. அது உண்மைதான் என்றாலும் போதாது. நமது குடும்ப வரலாறுகளில் தாய் மறைந்துபோனதற்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. அவற்றை எழுதியவர்கள் யாரிடமோ வாக்குமூலம் கொடுப்பது போலவே எழுதியிருக்கிறார்கள். எதிரே ஒரு நீதிபதி அமர்ந்திருப்பதாக அவர்களுக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

அந்த நீதிபதி வெறும் கற்பனையல்ல. 1827இல் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் லண்டன் றோயல் ஏசியாட்டிக் சங்கத்துக்குக் கொடுத்த குறிப்பில்தான் நம்முடைய பழைய கதை முதன்முதலாக ஆங்கில அச்சேறுகிறது எனலாம். கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குலத்தவர் இத்தீவுக்கு வந்து, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி ஆகிய பகுதிகளில் குடியேறினார்கள் என்பது அது. அவர் காலத்து முஸ்லிம்கள் அவருக்குச் சொன்ன கதை. சொன்னவர்கள் அதைப் பெருமைக்காகச் சொல்லியிருக்கலாம், வழக்காடுவதற்காகச் சொல்லவில்லை.

வழக்கு பின்னர் வந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இதே சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையை வாசித்தார். மொழியாலும் பழக்கவழக்கத்தாலும் உருவத்தாலும் சோனகர் தமிழரே, மதத்தால் மட்டும் முகம்மதியர் என்பது அவர் வாதம். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழ்பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம். மறு வருடம், 1889இல், எம். ஸீ. அப்துல் றஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனமானார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு எழுதிய விரிவான மறுப்பு 1907இல் நூலாக வந்தது. இதெல்லாம் இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்றை. நமது தாய் இந்த வழக்கில் முதன்முதலாக எதிர்த்தரப்புச் சாட்சியாகவே அழைத்துவரப்பட்டாள். அறபிகள் சிலர் வந்திருந்தாலும் அவர்கள் மணந்தது தமிழ்ப் பெண்களைத்தானே, ஆகவே பிள்ளைகள் தமிழர்தானே என்று இராமநாதன் தரப்பு அவளைக் கூண்டில் ஏற்றியது. அவளை நம் பக்கத்துச் சாட்சியாக்க நமக்குத் தோன்றவில்லை. அவளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

அப்துல் அஸீஸைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு சமூகத்தின் தனித்துவத்தையே இன்னொருவர் எழுதி முடித்துவிடப் பார்க்கும்போது கையில் கிடைத்த ஆயுதத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவர் செய்தது அரசியல் கடமை. ஆனால் அந்தக் கடமை முடிந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், எந்த ஆசனமும் கேட்காத ஒரு புடவைக்கடைக் குடும்பத்தின் வரலாற்றில் அதே மறுப்புரையின் தொனி ஏன் கேட்கிறது என்பதுதான் என் கேள்வி. தன் பூட்டனாரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒருவர் ஏன் இராமநாதனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்?

நம்முடைய பெயர்களைப் பாருங்கள். ஏ. எல். எம்., யூ. எல். ஏ., எம். ஐ. எம். என்று பெயருக்கு முன்னால் நாம் வரிசையாக வைத்திருக்கும் எழுத்துகள் ஒரு சின்னக் கொடிவழிதான். வாப்பாவின் பெயர், சிலருக்கு மூத்தவாப்பாவின் பெயர், இடையில் ஒரு லெப்பை, ஒரு மரைக்கார். இரண்டு தலைமுறைக்கு மேல் இந்த எழுத்துகளுக்குப் பலமில்லை. என் மகனின் பெயரில் என் மூத்தவாப்பாவின் எழுத்து உதிர்ந்துவிட்டது. தாயின் எழுத்தோ ஒருபோதும் ஏறியதேயில்லை. குடும்பப் பெயர் இல்லாத நாம் முன்னோரைத் தேடப் புறப்படும்போது இந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறோம். கொஞ்ச தூரத்தில் கயிறு அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்திலிருந்து எமனுக்கு ஒரே பாய்ச்சல்.

அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' நூலை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். 1976இல் வெளிவந்து, அடுத்த வருடம் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து அமெரிக்காவையே உலுக்கிய நூல். கம்பியாவின் ஜுஃபுரே கிராமத்திலிருந்து பிடிக்கப்பட்டு 1767இல் மேரிலாந்தின் அனாபொலிஸ் துறையில் கரையேற்றப்பட்ட குண்டா கின்டே ஒரு முஸ்லிம் இளைஞன் என்பதால் அதை நாம் தனிப் பாசத்தோடு வாசித்தோம். அவனை வந்தேறிய மூதாதை என்று சொல்வதற்கு நா எழவில்லை. அவன் வந்தவனல்லன், கொண்டுவரப்பட்டவன். என்றாலும் தேடும் பேரனின் நிலை ஒன்றுதான்.

ஹேலியின் நூல் பின்னர் பட்ட பாட்டையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஹெரல்ட் கூர்லண்டரின் 'த ஆஃப்ரிகன்' நாவலிலிருந்து பகுதிகளை எடுத்தாண்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு 1978இல் பணம் கொடுத்துச் சமரசமாயிற்று. 1981இல் வம்சாவளி ஆய்வாளர்கள் வர்ஜீனியா ஆவணங்களைப் பார்த்து, குண்டா என்று ஹேலி அடையாளம் கண்ட டோபி என்ற அடிமை, கப்பல் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே அங்கே பதிவாகியிருப்பதை எடுத்துக்காட்டினர். அதே வருடம் டொனால்ட் றைட் என்ற வரலாற்றாசிரியர் இன்னொரு விடயத்தைச் சொன்னார். ஹேலிக்குக் குண்டாவின் கதையைச் சொன்ன கிராமத்துப் பெரியவர் பரம்பரைக் கதைசொல்லி அல்லர். ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது அவர் வருமுன்னரே அங்கே தெரிந்திருந்தது என்பதே அது. தேடி வந்த விருந்தாளி ஆசைப்பட்டதைக் கிராமம் அவருக்குக் கொடுத்துவிட்டது. இதில் பொய் சொல்லும் எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. உபசரிப்பு இருந்தது. நம்மூர் முதியவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் "நம்மட மூத்த வாப்பாமார் அறபு நாட்டிலிருந்துதானே வந்தவங்க?" என்று கேட்பவர்களுக்கு "ஓம் வாப்பா" என்ற பதிலைத் தவிர வேறெது கிடைக்கும்?

ஆனால் ஹேலியிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று மிஞ்சியிருக்கிறது. விமர்சகர்கள் எவரும் அதைத் தட்டிப் பறிக்கவில்லை. கதையை அவருக்குக் கொடுத்தவர்கள் டெனசியில் ஹென்னிங் என்ற சிற்றூரில் வீட்டு விறாந்தையில் அமர்ந்து பேசிய பாட்டியும் பாட்டியின் உடன்பிறந்தாருமான பெண்கள். நூலின்படி குண்டாவிலிருந்து ஹேலிக்கு வரும் வழியும் பெண் வழியாகத்தான் திறக்கிறது. குண்டாவின் மகள் கிஸி. ஹேலியின் தாயும் அந்தத் தாயின் தாயும் அந்த வழியில் வருகிறவர்கள். நமது எழுத்துக் கணக்கின்படி, தகப்பன் தகப்பனாக ஏறுவதானால், ஹேலி குண்டாவை ஒருநாளும் சந்தித்திருக்க மாட்டார்.

நம் நாட்டிலேயே பிறந்த இன்னொரு நூல் மைக்கல் ஒண்டாச்சியின் 'ரன்னிங் இன் த ஃபமிலி' (1982). பறங்கிச் சமூகத்துக் குடும்பம். அவருடைய மூதாதையும் வந்தவர்தான். ஆனால் ஒல்லாந்திலிருந்தல்ல, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு வைத்தியர். ஆளுநர் வீட்டுப் பெண்ணின் நோயைத் தீர்த்து, காணியும் மனைவியும் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் புதுப் பெயரும் பெற்றவர் என்பது குடும்பக் கதை. நூல் அவரை 1600இல் கொண்டுவருகிறது. பறங்கியரின் வம்சாவளிப் பதிவுகளோ 1659 என்கின்றன. 1656இல்தான் கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது என்பதால் பதிவுகள் சொல்வதே பொருந்தும். ஒண்டாச்சி இதற்காகக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. தன் நூல் வரலாறு அல்ல என்று அவரே சொல்லிவிடுகிறார். எனக்கு அவரிடம் பிடித்தது இந்த அலட்சியமல்ல. கொழும்பில் ஒரு பழைய தேவாலயத்தில் மண்டியிட்டுத் தரைக்கல்லில் தன் பெயரைப் பார்க்கிறார். பூச்சி அரித்த பதிவேடுகளைப் புரட்டுகிறார். அந்த இடம் என்னைப் பொறாமைப்பட வைத்தது. பறங்கியருக்குத் தேவாலயப் பதிவேடு இருக்கிறது, 1908இலிருந்து வம்சாவளிகளை அச்சிட்டுவரும் சஞ்சிகை இருக்கிறது. நமக்கு மையவாடியில் பெயரெழுதாத மீசான் கல்தான். ஒண்டாச்சியின் நூலில் பாட்டி லல்லா வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறப்பது மறக்க முடியாத பகுதி. மூதாதை வைத்தியருக்குச் சில வரிகள். பாட்டிக்கு முழு அத்தியாயம். அந்த அளவுகோல் சரியானதென்றே எனக்குப் படுகிறது. கண்டு பழகியவரை விரிவாகவும் காணாதவரைச் சுருக்கமாகவும் எழுதுவது நேர்மை. நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

இனி என் குடும்பம்.

கிழக்கிலே கடலோரத்து ஊர் எங்களுடையது. என் உம்மாவின் மூத்தவாப்பா "வந்தவர்". நான் சிறுவனாக இருந்தபோது மாமாமார் அவரை எமன் நாட்டவர் என்பார்கள். மூத்தும்மா மட்டும், வெற்றிலை இடித்துக்கொண்டே, "காயலான்" என்பார். மாமாமார் அதட்டுவார்கள். "கிழவிக்கு என்ன தெரியும்" என்பார்கள். கிழவி அவருடைய சொந்த மகள்!

ஏன் அதட்டினார்கள் என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. காயல்பட்டினம் இழிவான ஊரா? ஆலிம்களும் புலவர்களும் பிறந்த ஊர். விடை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஒரு தேவைக்காக வாசித்தபோது கிடைத்தது. பரம்பரையால் பிரஜை என்று நிரூபிக்க, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். மலையகத் தமிழர்களை நாடற்றவராக்கிய சட்டம் இது என்பதை நாம் அறிவோம். கடை வைத்திருந்த இந்தியச் சோனகரும் இதில் அகப்பட்டார்கள். அதற்கு முன்னர் 1915 கலவரத்தில் தாக்குதல் தொடங்கியதும் இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரைச் சொல்லித்தான். அக்கரையார் வேறு, நாங்கள் வேறு என்று சொல்லிக்கொள்ளும் தேவை அன்றே பிறந்துவிட்டது. மாமாமாரின் வாலிபத்தில் "காயல்" என்ற சொல் வீட்டுக்குள் இருந்த ஓர் ஆபத்து. ஆயிரம் வருடத்துக்கு முந்திய எமனைப் பற்றி எந்தக் கந்தோரிலும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய காயலைப் பற்றிக் கேட்பார்கள். பூட்டனார் காயலை விட்டு எமனுக்குக் குடிபெயர்ந்தது இப்படித்தான் என்பது என் ஊகம். ஊகம் என்றே எழுதுகிறேன்.

அந்தச் சட்டமும் தகப்பனையே கேட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை செல்லும் என்று திருத்தம் வந்தது 2003இல்தான். ஐம்பத்தைந்து வருடங்கள், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருந்த தாய் எதற்கும் அத்தாட்சியாக இருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் காயல்பட்டினம் போனேன். திருச்செந்தூருக்குப் பக்கம். கையில் பூட்டனாரின் பெயரும் அவருடைய வாப்பாவின் பெயரும் மட்டும். பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையில் முடுக்குகள் விட்டிருக்கும் அந்த ஊரில் ஒரு பெரியவர் திண்ணையில் அமர்த்தி, தேநீர் தந்து, என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"உம்மா பேரு போடலியே தம்பி."

"தெரியாது."

"பொஞ்சாதி வீடு எந்தத் தெரு?"

"எங்கட ஊர்லதான் கலியாணம் முடிச்சவர்."

"அது அங்கே. இங்கேயும் ஒரு வீடு இருந்திருக்குமே. வீடு பொம்பளைக்குத்தானே இந்த ஊருல. ஆம்பளை பேரை மட்டும் சொன்னா நான் எந்த வீட்டுக் கதவைத் தட்ட?"

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. மகளுக்கு வீட்டைக் கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் காயலுக்கும் கீழக்கரைக்கும் உண்டு என்பது நூல்களில் வாசித்ததுதான். நம் கிழக்கிலும் அதுவே. ஆனால் பூட்டனாரைத் தேடிப் போன நான் அவர் விட்டுவிட்டு வந்த ஒருத்தியைப் பற்றி ஒருபோதும் நினைத்ததில்லை. அவள் இருந்தாளா இல்லையா என்பதே தெரியாது. இருந்திருந்தால், கடல் கடந்து போனவரின் செய்திக்காக அந்த முடுக்குகளில் ஒன்றில் எத்தனை வருடம் காத்திருந்தாள்? "வந்தவர்" என்று நாம் பெருமையோடு சொல்பவர் இன்னோர் ஊரில் "போனவர்". எந்தக் குடும்ப வரலாற்றிலும் இந்தச் சொல்லை நான் கண்டதில்லை.

ஊருக்குத் திரும்பியபின் தேடலைத் தலைகீழாக்கினேன். கிழக்கில் எங்களுக்குக் குடி என்பது தாய் வழி. பிள்ளை உம்மாவின் குடி; பள்ளிவாசல் மரைக்காயரும் குடிவாரியாகத்தான். அறபு மூதாதையைப் பற்றி மேடையில் முழங்கும் எங்களூர்ப் பேச்சாளர்கள் கலியாணப் பேச்சு வரும்போது "எந்தக் குடி?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சில குடிப்பெயர்கள் பக்கத்துத் தமிழூர்களிலும் வழங்குகின்றன. இந்த முறையை விரிவாக ஆராய்ந்து டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றதையும் அதற்குப் பின் ஏற்பட்ட மண உறவையும் பற்றிய மட்டக்களப்புக் கதையை நமது மூத்தவர்கள் கூச்சமின்றிச் சொல்லிவந்தார்கள். அவர்களுக்கு எந்த இராமநாதனும் எதிரில் இருக்கவில்லை போலும்.

மூத்தும்மாவின் குடியைக் கொண்டு தேடியபோது ஒரு தூரத்து மாமியின் தகரப் பெட்டியில் பழைய சீதன உறுதி ஒன்று கிடைத்தது. தமிழ் நொத்தாரிசு ஒருவர் எழுதியது. எழுத்து 1890களைச் சேர்ந்தது. பூட்டியாரின் பெயருக்கு அவருடைய தாய் எழுதிக்கொடுத்த வளவு. கிழக்கே கடற்கரை மணல், வடக்கே இன்னொரு பெண்ணின் வளவு, தெற்கே இன்னொரு பெண்ணின் வளவு. கடைசிப் பக்கத்தில், இன்னாரின் புருஷன் என்ற அடையாளத்தோடு, காயல்பட்டணம் என்ற ஊர்ப் பெயரோடு, எங்கள் பூட்டனார் சாட்சிக் கையொப்பம் வைத்திருக்கிறார், அறபுத்தமிழில். அவரைப் பற்றி எங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து அதுதான். அவரைத் தேடி இரண்டு நாடு அலைந்த நான் அவரைக் கண்டது அவர் மனைவியின் உறுதியில்.

பூட்டியாரின் பெயரை இங்கே எழுத நினைத்தேன். வீட்டில் கேட்டேன். "பொம்புளைகள்ற பேரெல்லாம் புத்தகத்தில போடுறதா காக்கா?" என்று தங்கை தயங்கினாள். அவள் விருப்பத்தை மீறவில்லை. நூலாசிரியரைக் குறை கூறும் உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இதில் அவசரப்படுவதற்கு ஒரு காரணமுண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் புத்தளத்தில் இருக்கிறார். உறுதிகளும் கடுத்தங்களும் போனபின் அவருடைய உம்மா தங்கள் வளவின் நான்கு எல்லைகளையும் பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்தாராம், சூறாக்களோடு சேர்த்து. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் எத்தனை தகரப் பெட்டிகளைக் கடல் கொண்டுபோயிற்று என்று கணக்கில்லை. எங்கள் மாமியின் வீடு தெருவுக்கு மேற்கே இருந்ததால் அந்த உறுதி தப்பியது; அவ்வளவுதான். தாளுக்கு அடுத்து மிஞ்சியிருப்பது மூத்தும்மாமாரின் ஞாபகம். அவர்களிடம் எமனைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது. உம்மாவின் பெயரென்ன, உம்மாவின் உம்மா எந்த வளவில் இருந்தார், வீட்டில் என்ன சமைத்தார், யாருக்குப் பிரசவம் பார்த்தார், எந்தப் பாட்டைப் பாடினார் என்று கேட்டால் அவர்கள் சொல்வார்கள். யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய தேவையில்லாததால் பெரும்பாலும் உண்மையையே சொல்வார்கள்.

மேலே சொன்ன நூலாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். மடிப்புத் தாளைப் பிரதியெடுத்து, பெண்களின் பெயர் வரவேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு இணைத்திருந்தேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் வந்தார். இரண்டாம் பதிப்புக்கு ஆலோசிப்பதாகச் சொன்னார். சாச்சியிடம் உட்கார்ந்து கேட்டதில் ஒன்பது வட்டங்கள் நிரம்பிவிட்டன என்றார். எமனிலிருந்து வந்தவரின் மனைவியுடைய வட்டம் மட்டும் நிரம்பவில்லை. அவருடைய தங்கையொருத்தி வெலிகமையில் வாழ்ந்ததாகச் சாச்சி சொல்கிறாராம். அந்தத் தங்கையின் பேத்தி இன்னும் இருக்கிறார், காது கேட்காது, பெருநாளைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.